வேலை செய்யும் கையும் கேட்கும் காதும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தமையனார் ஒரு பால்கோவாக் கடை வைத்திருக்கிறார். மாலை வேளைகளில் அக்கடையின் கல்லாவில் என் பெரியப்பா அமர்ந்திருப்பது வழக்கம். ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் ரிங் பிரேம் பகுதியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு கோடை விடுமுறையில் நான் அங்கிருந்தபோது ஓர் அம்மையார் வந்து, "கால் கிலோ கொடுங்க" என்றார். பெரியப்பா சற்றும் தயங்காமல், "பால் இங்கே கிடையாதம்மா, எதிர்க்கடையிலே கேளுங்க" என்று விடை பகர்ந்தார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியப்பாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால், எதற்காகச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அன்றிரவு தமையனாரின் மகன் என்னிடம் வந்தான். கல்லூரி மாணவன். வகுப்பு முடிந்ததும் ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிக்குச் சென்று, ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதிவிட்டு இரவு வீடு திரும்புபவன். "சித்தப்பா, நீங்கள் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவராயிற்றே! வேலை பார்த்துக்கொண்டே கேட்பதற்கு நல்ல புளூடூத் ஹெட்போன் ஒன்று சொல்லுங்களேன்" என்றான். முன்பே ஒன்று வாங்கியிருக்கிறானாம். ஒலியை முழுதும் கூட்டினாலும் பாட்டு சரியாகக் கேட்பதில்லையாம். போதாக்குறைக்கு, வீட்டுக்கு வந்து படுத்த பிறகு காதுக்குள் சில்வண்டு கத்துவது போல் ஓர் இரைச்சல் கேட்கிறதாம். "காலையில் சரியாகிவிடுகிறது" என்று சொல்லிக்கொண்டே விலைப்பட்டியல் ஒன்றை என் முன் விரித்தான்.

நேயர்களே, நான் அந்த விலைப்பட்டியலைப் பார்க்கவில்லை. அவனையும், கடையில் அமர்ந்திருந்த அவன் பாட்டனாரையும் மாறி மாறிப் பார்த்தேன். இன்று உங்களோடு பேச வந்தது அந்த இருவரைப் பற்றித்தான். ஹெட்போன் என்னும் கருவி அவ்விருவருக்கும் நடுவே வருகிறது.

வேலை செய்வோருக்கு ஒலி துணை நிற்பது புதிய செய்தியன்று. நாற்று நடுவோரும் ஏற்றம் இறைப்போரும் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள். கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கூடங்களில் எல்லோரும் பீடி சுற்ற, ஒருவர் மட்டும் செய்தித்தாளை உரக்கப் படிக்கும் வழக்கம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பி.பி.சி. வானொலி தொழிற்சாலைத் தொழிலாளருக்கென்றே ஓர் இசை நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. ஒலிபெருக்கி வழியாகக் கூடம் முழுவதும் அதைக் கேட்டது. டெக்ஸாஸ் மாநிலத்தைப் புகழும் ஒரு பாட்டை மட்டும் அந்நிகழ்ச்சியில் சேர்க்கக்கூடாதென்று தடுத்துவிட்டார்களாம். அப்பாட்டின் நடுவே கைதட்டும் இடம் ஒன்று உண்டு. தொழிலாளர்கள் கையிலிருந்த கருவியைப் போட்டுவிட்டுத் தட்டத் தொடங்கிவிட்டால் வேலை என்னாவது?

அந்த ஒலியெல்லாம் பொது ஒலி. அளவு மிஞ்சினால் பக்கத்திலிருப்பவர் குறைக்கச் சொல்வார். ஹெட்போனின் ஒலியோ ஒருவருக்கு மட்டுமே உரியது. அது எவ்வளவு என்று அடுத்தவருக்குத் தெரியாது. பழகிப்போனால் அணிந்தவருக்கும் தெரியாது. ஆகையால் அளவு என்பதை முதலில் பேசிவிட்டுப் பிறகு கருவிக்கு வருவோம்.

ஒலியை டெசிபல் என்னும் அலகால் அளக்கிறோம். தொலைபேசியைக் கண்ட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லின் பெயரிலிருந்து வந்த சொல் இது. அவருடைய அன்னைக்கும் மனைவிக்கும் செவிப்புலன் இல்லை என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். இந்த அலகில் ஒரு சூழ்ச்சி உண்டு. தராசில் 3 கிராம் கூடினால் 3 கிராம்தான் கூடும். டெசிபலில் 3 கூடினால் ஒலியின் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிறது. 10 கூடினால் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. அமைதியான பேச்சு 60 டெசிபலை ஒட்டியது. ரிங் பிரேம்கள் சுழலும் நூற்பாலைக் கூடம் 90-ஐ ஒட்டி நிற்கும். நாடா அடித்து ஓடும் விசைத்தறிகள் நிறைந்த கூடம் அதையும் தாண்டி 100-ஐ நெருங்கும்.

தொழிற்சாலைச் சட்டம், 1948-இன் கீழ் வகுத்த மாதிரி விதிகள் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என வரம்பு கட்டின. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு இன்னும் கண்டிப்பானது: 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88 என்றால் 4 மணி; 91 என்றால் 2 மணி; 94 என்றால் ஒரே மணி; 100 என்றால் கால் மணி நேரம். வேலைக்காக அன்றிப் பாட்டுக்காகக் கேட்போருக்கு உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்று கணக்கிட்டிருக்கிறது, சிறுவர்களுக்கு 75. இக்கணக்கை ஒருமுறை உங்கள் குறிப்பேட்டில் போட்டுப் பாருங்கள். நம் காது, நாள்தோறும் ஒரு சிறு தொகை செலவழிக்க அனுமதி பெற்ற பிள்ளையைப் போன்றது. முதல் மணியிலேயே முழுவதையும் செலவிட்டவன் எஞ்சிய நேரத்துக்குக் கடன் வாங்க வேண்டும்.

அந்தக் கடன் எங்கே ஏறுகிறது? உட்காதில் நத்தை ஓட்டைப் போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலியலை வரும்போது அவற்றின் நுனிகள் அசைகின்றன; அசைவு நரம்புத் துடிப்பாக மாறி மூளைக்குச் செல்கிறது. பேரொலி பட்டால் அந்த நுனிகள், காற்றில் சாய்ந்த நெற்பயிரைப் போலத் துவண்டுவிடும். ஓய்வு கிடைத்தால் பெரும்பாலும் நிமிரும். என் தமையன் மகன் இரவில் கேட்ட சில்வண்டு இரைச்சல் இத்தகைய துவட்சியின் முறையீடுதான். ஆனால், நாள்தோறும் சாய்த்துக்கொண்டே இருந்தால் சில அணுக்கள் மடிகின்றன. நெல் என்றால் மறு பருவத்தில் விதைக்கலாம். மனிதரின் மயிரணு மறுபடி முளைப்பதில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்த இழப்பு எல்லா ஒலிகளிலும் ஒருசேர வருவதில்லை. நொடிக்கு 4,000 அதிர்வு என்னும் உயர்ந்த சுருதியை ஒட்டித்தான் முதலில் குழி விழுகிறது. உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் வலுவாக ஒலிப்பவை. மெய்யொலிகளின் வேறுபாட்டைக் காட்டும் நுண்ணிய ஓசைகளோ மெல்லியவை. அவற்றுள் பல உயர்ந்த சுருதியைச் சார்ந்தவை. ஆகவே, 'ஆல்' என்பது காதில் விழுகிறது. முன்னே நின்றது 'க'வா, 'ப'வா என்பது விழுவதில்லை. கால் பாலாயிற்று. "எனக்குக் காது கேட்கிறது, நீங்கள்தாம் முணுமுணுக்கிறீர்கள்" என்று பெரியப்பா எங்களைக் கடிந்துகொள்வது பொய்யன்று. அவருக்கு அப்படித்தான் தோன்றும்.

ராஜபாளையத்தின் பெயரை உலகறியச் செய்தவற்றுள் ஒன்று, அவ்வூர் வேட்டை நாய். வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்த நாய்க்கு 2005-இல் அஞ்சல்தலையும் வெளியிட்டார்கள். அந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. நிறமியைத் தரும் அணுக்கள் உட்காதின் நலத்துக்கும் தேவைப்படுகின்றன. முழு வெண்மை பெற்ற சில குட்டிகளில் அவை அங்கே இல்லாமற்போகின்றன. அந்தக் குட்டி தான் இழந்தது இன்னதென்று அறியாது. முப்பது ஆண்டுகளில் சிறுகச் சிறுக இழக்கும் மனிதனும் அதை அறியாமலே இருக்கிறான் என்பதுதான் வியப்பு.

மறுநாள் நான் அவனோடு சத்திரப்பட்டிக்குப் போனேன். மருத்துவமனைகளில் காயத்தைக் கட்டும் பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்ற ஊர் அது. தெருவில் நடக்கும்போதே தறியின் ஒலி வழிகாட்டும். கைப்பேசியில் உள்ள ஒலியளவுச் செயலியைத் திறந்தேன். அது முறையான அளவுகருவி அன்று, குத்துமதிப்பாகத்தான் காட்டும். தறிகளின் நடுவே 97 என்றது. கணக்கு எழுதும் அறைக் கதவைத் திறந்து வைத்தால் 86, சாத்தினால் 78. கருவியே இல்லாவிட்டாலும் ஒரு சோதனை உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறதென்றால் அவ்விடம் 85-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது என்று கொள்ளலாம்.

அவன் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காதின் வாயிலில் தொளதொளவென்று உட்காரும் ஒரு சிறு இயர்பட்டை அணிந்துகொண்டு, 86 டெசிபல் இரைச்சலை வெல்லும் அளவுக்குப் பாட்டைக் கூட்டிக்கொண்டிருந்தான். பாட்டு கேட்க வேண்டுமானால் இரைச்சலைவிட மேலெழ வேண்டும். ஆக, அவன் காது இரைச்சலையும் வாங்கிற்று, பாட்டையும் வாங்கிற்று. "ஹெட்போன் போட்டிருப்பதால் தறிச்சத்தம் தெரியவில்லை" என்று அவன் சொன்னது பெரும் பிழை. சத்தம் போகவில்லை, அதைவிடப் பெரிய சத்தம் அதை மறைத்துவிட்டது.

ஆகவே, வேலைக்கு ஹெட்போன் வாங்கப் புறப்படுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலையன்று, நிறமன்று, உற்பத்தியாளர் பெயருமன்று. 'என் வேலையிடத்து இரைச்சல் எத்தகையது?' என்பதே. வீட்டின் உள்ளறையில் அமர்ந்து எழுதுபவருக்குக் காதை அடைக்காத எளிய திறந்த வகை போதும். வாசலில் அழைப்பவர் குரலும் கேட்கும். பால்கோவா கிண்டுபவருக்கு எதுவுமே வேண்டாம் என்பது என் கருத்து. அடுப்பனலில் காது வியர்க்கும். மேலும், பாகு பதத்துக்கு வருவதைக் கரண்டியின் ஓசையிலும் அறிபவர் அவர். என் தமையனார் அடுப்படி அலமாரியில் ஒரு வானொலிப் பெட்டியை வைத்திருக்கிறார். வானொலியில் பேசுகிறேன் என்பதற்காக அதைப் புகழ்வதாக நினைக்க வேண்டாம்.

இரைச்சல் உள்ள இடத்துக்கு இருவகைத் தடுப்பு உண்டு. ஒன்று, வெறும் அடைப்பு: காதின் உள்ளே இறுக உட்காரும் சிலிக்கன் முனை, அல்லது காது முழுவதையும் மூடும் மெத்தைக் கிண்ணம். கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை இவை நன்றாகத் தடுக்கும். மற்றொன்று, இரைச்சலை இரைச்சலாலேயே அழிக்கும் வித்தை. கருவியின் வெளிப்புறத்தில் உள்ள ஒலிவாங்கி புற இரைச்சலைக் கேட்கிறது. உள்ளிருக்கும் மின்சுற்று அந்த அலைக்கு நேர் எதிரான அலையை உருவாக்குகிறது. மேடும் பள்ளமும் சேர்ந்தால் சமதரையாவது போல் இரண்டும் ஒன்றையொன்று தணிக்கின்றன. ஜெர்மானியரான பால் லூக் என்பவர் இக்கருத்துக்கு 1936-இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அதைத் தலையில் அணியும் கருவியாக்க அரை நூற்றாண்டு சென்றது. வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற ஒருவரின் மகனான அமர் போஸ், 1978-இல் விமானத்தில் பயணம் செய்கையில், எஞ்சின் இரைச்சலால் இசை கேட்க முடியாமல் போகவே, இருக்கையில் அமர்ந்தபடியே இதற்கான கணக்கைப் போட்டுப் பார்த்தாராம். 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது விற்பனைக்கு வந்தது.

இவ்வித்தைக்கு ஓர் எல்லை உண்டு. மாறாது ஒலிக்கும் தாழ்ந்த இரைச்சலைத்தான், அதாவது பேருந்து எஞ்சின், குளிர்சாதனம், ஜெனரேட்டர் போன்றவற்றின் ஓசையைத்தான் அது நன்கு அழிக்கும். நாடா மோதும் 'டக்' என்னும் அடியையும் பக்கத்தில் பேசுபவர் குரலையும் அவ்வளவாக அழிக்காது. அப்படியானால் தறிக்கூடத்துக்கு அடுத்த அறையில் அது பயன்படுமா? பயன்படும். சுவரும் சாத்திய கதவும் உயர்ந்த ஒலிகளை வடிகட்டிவிடுகின்றன. தாழ்ந்த 'தும் தும்' ஒலியே பெரிதும் உள்ளே வருகிறது. சுவர் விட்டதைக் கருவி பிடித்துக்கொள்ளும். முதலில் கதவைச் சாத்தச் சொன்னேன். காசு செலவில்லாமல் 8 டெசிபல் குறைந்தது.

ஆனால், தறிகளுக்கு நடுவே நின்று வேலை செய்பவர் இதை அணிந்து காதைக் காத்துக்கொள்ளலாம் என்று எண்ணுதல் கூடாது. பாட்டுக்கான ஹெட்போன், செவிக்காப்பாக அளந்து சான்றளித்த கருவி அன்று. கூடத்தில் நிற்பவருக்கு உரியவை, எத்தனை டெசிபல் குறைக்கும் என்று அளவிட்டுக் குறித்த காதடைப்பானும் காதுக்கவசமும். புளூடூத் வசதியோடு கூடிய காதுக்கவசங்களும் உண்டு. அவை தம் ஒலியை 82, 85 போன்ற ஓர் அளவுக்கு மேல் போகவிடாமல் அடக்கி வைத்திருக்கும். அவற்றிலும் எனக்கு ஒரு தயக்கம். நெசவாளர் தறியைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. இழை அறுந்ததையும் நாடா சிக்கியதையும் தாளம் தப்பும் ஓசையைக் கொண்டே உணர்கிறார். பக்கத்துத் தறிக்காரர் அபாயத்தில் குரல் கொடுக்கலாம். பாட்டில் ஆழ்ந்த காது அதைக் கேட்குமா?

கம்பியில்லாமல் பாட்டு எப்படி வருகிறதென்று மாணவர்கள் கேட்பீர்கள். புளூடூத் என்பது பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயர். பிரிந்து கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவர் என்பதால், பல கருவிகளை இணைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஸ்வீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் முளைத்த முயற்சி இது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 79 தடங்களை அமைத்துக்கொண்டு, நொடிக்கு 1,600 முறை வரை தடம் விட்டுத் தடம் தாவுகிறது. ஒரு தடத்தில் இடையூறு வந்தால் அதற்குள் அடுத்த தடத்துக்குப் போயிருக்கும். ஈரம் நிறைந்த மனித உடல் இவ்வலையை உறிஞ்சும். அதனால்தான் கைப்பேசியைப் பின் பையில் வைத்து நடக்கும்போது பாட்டு சில வேளை விட்டு விட்டு ஒலிக்கிறது. இந்த அலை மூளையைக் கெடுக்குமோ என்று அஞ்சுவோர் உளர். கைப்பேசி வெளியிடும் ஆற்றலைக் காட்டிலும் இது மிகச் சிறியது. காதைக் கெடுப்பது அலையன்று, பாட்டின் உரப்பு.

வேலைக்கென்று வாங்குவோர் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாட்டு கேட்கையில் தேனாக ஒலித்த கருவி, யாரேனும் அழைத்துப் பேசத் தொடங்கியதும் தகரக் குழாயில் பேசுவது போலாகிவிடும். கருவி பழுதாயிற்றென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பழைய புளூடூத் முறையில் பாட்டுக்கு ஒரு வழி, இருபுறப் பேச்சுக்கு வேறொரு குறுகிய வழி. ஒலிவாங்கி திறந்ததும் கருவி குறுகிய வழிக்கு மாறிவிடுகிறது. 2022-இல் விதிமுறைகள் நிறைவுற்ற எல்.இ. ஆடியோ என்னும் புதிய முறை இக்குறையைப் பெரிதும் நீக்குகிறது. ஆனால் கைப்பேசி, ஹெட்போன் இரண்டுமே அதை அறிந்திருக்க வேண்டும். நாள் முழுதும் வாடிக்கையாளரோடு பேசுவதே வேலை என்றால், வாய்க்கருகே நீளும் தண்டில் ஒலிவாங்கி பொருத்திய ஹெட்செட்டே உத்தமம். காதில் ஒட்டிய இயர்பட்டின் ஒலிவாங்கி உங்கள் குரலோடு தறியின் குரலையும் சேர்த்து அனுப்பிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயர்பட்டுகள் ஒருமுறை மின்னேற்றினால் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு மணி நேரம் உழைக்கும். காதை மூடும் பெரிய வகை இருபது மணிக்கு மேலும் ஓடும். சிறியவற்றில் பேட்டரி தளர்ந்தால் மாற்றுவது அரிது என்பதால் இரண்டு மூன்று ஆண்டில் கருவியையே தூக்கிப்போட நேரலாம். பஞ்சுத்தூசு பறக்கும் இடத்தில் 'ஐ.பி.' என்ற குறியீட்டை அடுத்து வரும் முதல் எண்ணைப் பாருங்கள். தூசுக்கான எண் அதுவே. அவ்விடத்தில் 'எக்ஸ்' என்ற எழுத்து இருந்தால் தூசுக்குச் சோதித்து எண் தரவில்லை என்று பொருள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண், 'ஆர்' என்னும் எழுத்தோடு தொடங்குவது, பெட்டியின் மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடையில் அணிந்து பத்து நிமிடமாவது இருங்கள். கண்ணாடி அணிவோருக்குக் கிண்ணத்தின் அழுத்தம் பத்தாவது நிமிடத்தில்தான் தெரியும்.

அவனுக்குக் காது முழுவதையும் மூடும், இரைச்சலை அழிக்கும் வகை ஒன்றை ராஜபாளையத்தில் வாங்கினோம். கதவு சாத்திய அறையில் அதை அணிந்துகொண்டு பாட்டைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னேன். முன்பு முழு அளவில் வைத்தும் போதவில்லை என்றவன், பாதிக்கும் கீழே இறங்கி, "இதுவே போதும் சித்தப்பா" என்றான். முழு அளவில் 60 விழுக்காட்டைத் தாண்டாதிருக்கச் சொல்வது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கைப்பேசியிலேயே அந்த வரம்பைக் கட்டிவைத்தோம். தறிக்கூடத்துக்குள் போகும்போது ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டுக் காதடைப்பானை எடுத்துக்கொள்வதென்றும், ஊர் திரும்பும்போது சாலையில் நடக்கையில் எதுவும் அணிவதில்லை என்றும் ஏற்பாடு. இரண்டு வாரம் கழித்து விசாரித்தேன். இரவில் சில்வண்டு வருவதில்லை என்றான்.

பெரியப்பாவையும் செவிப்பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். வரைபடத்தில் 4,000 என்ற இடத்தில் கோடு பள்ளத்தாக்கில் விழுவது போல் விழுந்திருந்தது. அவருக்கு வாங்கிய காது கேட்கும் கருவியிலும் புளூடூத் உண்டு. வெளியூரில் இருக்கும் மகள் கைப்பேசியில் அழைத்தால் குரல் நேரே கருவிக்குள் வருகிறது. பேரனின் ஹெட்போனைப் போல் பல மடங்கு விலை. முதல் வாரம், கரண்டி வாணலியில் உரசும் சத்தம் தாங்கவில்லையென்று அதைக் கழற்றிக் கல்லாப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். கருவி ஒலியைப் பெரிதாக்குமே தவிர, மடிந்துபோன அணுக்களின் வேலையைச் செய்யாது. இப்போது பழகிக்கொண்டுவிட்டார். கால் கிலோ என்றால் பெரும்பாலும் கால் கிலோதான் கட்டுகிறார். ஆனாலும் வந்தவர் வாயைப் பார்த்தபடி, "காலா, அரையா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டே தராசைத் தொடுகிறார்.